செருப்பு கடிக்கும் இடம்: ஜான் டூயியின் அரசியல்

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மேலே தெரிவது, அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயியை அம்பேத்கர் ஏன் தன் ஆசிரியர் என்று அவ்வளவு மரியாதையாகச் சொல்லிக்கொண்டார் என்பது. அடியில் இருப்பது இன்னும் கடுமையானது. ‘எது வேலை செய்கிறதோ அதுதான் உண்மை’ என்று சொல்லும் பிராக்மடிசக்காரருக்கு அரசியலில் கொள்கை என்று ஒன்று எப்படி இருக்க முடியும், ஜெயித்தவன் பக்கம் சாய்வதுதானே மிச்சம் என்று கேட்கிறீர்கள். இரண்டாவதுக்குப் பதில் கிடைத்தால் முதலாவது பெரும்பாலும் தானாகவே அவிழ்ந்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அரசியல் தத்துவம் இருபது வருடத்துக்கு மேல் கற்பித்திருக்கிறேன். டூயியின் அரசியல் எழுத்துகளை மாணவர்களோடு வரிவரியாகப் படித்துச் சண்டை போட்டிருக்கிறேன். அவருடைய தர்க்கவியலில் எனக்கு அந்த அளவு பயிற்சி கிடையாது, அந்தப் பக்கம் போக மாட்டேன்.

முதலில் அந்தச் சொல்லே ஒரு தொல்லை. பிராக்மடிசத்தைத் தமிழில் நடைமுறைவாதம் என்கிறார்கள், பயன்வழிவாதம் என்றும் சொல்கிறார்கள். இரண்டுமே நம்மைத் தப்பான வாசலில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. நடைமுறை தெரிந்தவன் என்றால் காரியம் ஆகும்வரை வளைந்து கொடுப்பவன். ‘கொஞ்சம் ப்ராக்டிகலா இருப்பா’ என்று பெரியவர்கள் சொன்னால், கொள்கையை மூட்டை கட்டி வை என்று அர்த்தம். டூயி சொன்னது அது இல்லை. ஒரு கருத்தை அதன் விளைவுகளைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்றார். எல்லா விளைவுகளையும்: நினைத்து நடந்தது, நினைக்காமல் நடந்தது, எனக்கு வந்தது, அடுத்தவர் தலையில் விழுந்தது. ஒரு சட்டம் அதைப் போட்டவருக்கு நன்றாக வேலை செய்தது என்பது சோதனையில் பாதிகூட ஆகாது. அதன் சுமையைத் தூக்கியவர்களைக் கேட்டாக வேண்டும். கேட்க வேண்டுமென்றால் அவர்களுக்குப் பேசும் உரிமை வேண்டும், கூடும் உரிமை வேண்டும், படிப்பு வேண்டும், பேசினால் பிழைப்பு போய்விடாது என்ற தைரியமும் வேண்டும். ஆக, ஜனநாயகம் இல்லாத இடத்தில் ‘இது வேலை செய்கிறது’ என்று யாரும் உறுதியாகச் சொல்லவே முடியாது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வாதத்தை இப்படி ஒரே கோவையாக டூயி எங்கும் எழுதி வைக்கவில்லை. தத்துவவாதி ஹிலரி பட்னம் போன்ற பிற்காலத்தவர்கள் அவரிடமிருந்து எடுத்துக் கட்டியது. ஆனால் துண்டுகள் எல்லாம் அவருடையவைதான்.

இந்தச் சிந்தனை அவருக்கு நூலகத்தில் மட்டும் வந்ததில்லை. 1894ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேரப் போனபோது அவருக்கு வயது 34. நகரம் புல்மன் வேலைநிறுத்தத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. ரயில் பெட்டி செய்யும் புல்மன் கம்பெனி கூலியைக் குறைத்தது, ஆனால் தொழிலாளர்கள் குடியிருந்த கம்பெனி வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. யூஜீன் டெப்ஸ் தலைமையில் ரயில்வே தொழிற்சங்கம் ஆதரவாக இறங்க, ஜனாதிபதி கிளீவ்லாந்து ராணுவத்தை அனுப்பினார். பஞ்சாயத்துப் பேசலாம் என்று கூப்பிட்டவர்களுக்குக் கம்பெனி சொன்ன பதில், பேச எதுவுமே இல்லை என்பது. சிகாகோவுக்கு வரும் வழியில் ஒரு தொழிற்சங்கக்காரரோடு பேசியதைப் பற்றி, பல வருடமாக இல்லாத சிலிர்ப்பு ஏற்பட்டது என்று டூயி மனைவி ஆலிஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதே வருடம் அக்டோபரில் சிகாகோவின் சமூகப் பணியாளர் ஜேன் ஆடம்ஸோடு ஒரு வாக்குவாதம். மோதலிலிருந்துதான் முன்னேற்றம் வரும் என்று ஜெர்மன் தத்துவவாதி ஹெகலைப் படித்த டூயி சொல்ல, பகைமை எப்போதுமே வீண், அது உண்மையான முரண்பாட்டிலிருந்து வருவதில்லை என்று ஆடம்ஸ் மறுத்தார். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, இத்தனை நாளும் நான்தான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது என்று மனைவிக்கு எழுதினார் டூயி. ஒரு தத்துவப் பேராசிரியர் இப்படி எழுதுவது அபூர்வம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ், சிகாகோவின் ஏழைக் குடியேறிகள் நடுவே 1889ல் தொடங்கிய ஒரு சமூக இல்லம். டூயி அதன் அறங்காவலர்களில் ஒருவராக இருந்தார். அந்த வட்டாரத்தில் குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர்கள் அரசியல் செல்வாக்கில் ஒப்பந்தம் வாங்கிவிட்டு வேலை செய்வதில்லை. மரப்பெட்டிகளில் குப்பை அழுகிக் கிடக்கும், குழந்தைகள் அதன் மேல் விளையாடும். ஹல் ஹவுஸ் பெண்கள் சந்து சந்தாக நடந்து புகார்களைப் பதிவு செய்தார்கள். கடைசியில் 1895ல் ஆடம்ஸையே அந்த வட்டாரத்தின் குப்பை ஆய்வாளராக நியமித்தார்கள், அவரும் விடியற்காலையில் எழுந்து வண்டிகளின் பின்னால் போனார். அதே வருடம் அந்த இல்லத்தவர்கள் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் கூலியையும் பூர்வீகத்தையும் வீடுவீடாகக் குறித்து வரைபடமாகவே வெளியிட்டார்கள். டூயியின் அரசியலைப் புரிந்துகொள்ள எனக்கு இந்தக் குப்பை வண்டிதான் உதவியது. அவர் தன் புத்தகத்தில் இதை உதாரணம் காட்டவில்லை, இணைப்பது நான்.

அந்தப் புத்தகம் 1927ல் வந்த ‘பொதுமக்களும் அதன் சிக்கல்களும்’. அதில் அவர் கேட்கும் கேள்வி எளிமையானது: ‘பொது’ என்பது எங்கிருந்து வருகிறது? இரண்டு பேர் தங்களுக்குள் ஏதோ செய்துகொள்கிறார்கள். விளைவு அவர்களோடு நின்றால் அது தனி விஷயம். சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆட்களை அது கணிசமாகப் பாதித்தால், அந்த மூன்றாவது ஆட்கள் சேர்ந்து ஒரு ‘பொதுமக்கள்’ ஆகிறார்கள். அவர்கள் நலனைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்படும் ஆட்களும் ஏற்பாடும்தான் அரசு. கவனியுங்கள், இதில் சமூக ஒப்பந்தம் இல்லை, தெய்வீக உரிமை இல்லை, தேசத்தின் ஆன்மா இல்லை. விளைவுகள் மாறினால் பொதுமக்களும் மாறுவார்கள், அரசின் வடிவமும் மாற வேண்டும். அதனால் சரியான அரசு என்று ஒரே அச்சு கிடையாது. ஒவ்வொரு தலைமுறையும் சோதித்துப் பார்த்துத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியது அது. குப்பை ஒப்பந்தம் நகராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே நடந்த விவகாரம். அதன் நாற்றத்தை அனுபவித்தவர்கள் ஒரு பொதுமக்கள். ஆனால் நாற்றத்தை அனுபவித்தால் மட்டும் போதாது, எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும், தங்களைப் போல் இன்னும் யாரெல்லாம் என்று தெரிய வேண்டும். டூயியின் கவலை முழுக்க இங்கேதான். ரயிலும் தந்தியும் பெரிய கம்பெனிகளும் வந்த பிறகு விளைவுகள் கண்காணாத தூரத்திலிருந்து வருகின்றன. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை. பொதுமக்களுக்குக் கிரகணம் பிடித்துவிட்டது என்றார்.

இந்தப் புத்தகத்துக்குத் தூண்டுகோல் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன். முதல் உலகப் போரில் பிரச்சார வேலையை உள்ளிருந்து பார்த்தவர் அவர். 1922லும் 1925லும் எழுதிய இரண்டு புத்தகங்களில், சாதாரண மனிதன் உலகத்தைப் பார்ப்பதில்லை, தலைக்குள் இருக்கும் படங்களைப் பார்க்கிறான் என்றார். இன்றைய குடிமகன் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் காது கேளாத பார்வையாளன். அவனிடம் ஆட்சியைப் பற்றி அபிப்பிராயம் கேட்டுப் பயனில்லை, விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அவன் நெருக்கடியில் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும். முதல் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிய டூயி, ஜனநாயகத்தின் மேல் இதுவரை எழுதப்பட்டதிலேயே வலுவான குற்றப்பத்திரிகை இதுவாகத்தான் இருக்கும் என்று தாராளமாக ஒப்புக்கொண்டார். இருவரும் ஒரு பெரிய விவாதத்தில் மோதிக்கொண்டதாகப் பாடப்புத்தகங்கள் சொல்வதைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ‘லிப்மன்-டூயி விவாதம்’ என்ற பெயர் மிகவும் பிற்காலத்தில், 1980களுக்குப் பிறகு ஊடக ஆய்வாளர்களால் பிரபலமானது. நோயைக் கண்டறிவதில் இருவரும் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள். வைத்தியத்தில்தான் பிரிந்தார்கள்.

டூயியின் பதில் ஒரு செருப்பில் இருக்கிறது. செருப்பு கடிக்கிறது, எங்கே கடிக்கிறது என்பது போட்டிருப்பவனுக்குத்தான் தெரியும், அதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்வதில் தைப்பவனே கெட்டிக்காரனாக இருந்தாலும். இதை ‘மக்களுக்கு எல்லாம் தெரியும்’ என்று படித்துவிடாதீர்கள். தைப்பவனின் திறமையை அவர் மறுக்கவில்லை. கால் இல்லாமல் செருப்பு தைக்க முடியாது என்கிறார். நிபுணர்கள் ஒரு தனி வகுப்பாகிப் பொது வாழ்க்கையிலிருந்து விலகிவிட்டால் அவர்களுக்குத் தனி நலன்களும் தனி அறிவும் வந்துவிடும். சமூக விஷயங்களில் அப்படிப்பட்ட தனி அறிவு அறிவே இல்லை என்று எழுதினார். ஹல் ஹவுஸ் வரைபடம் மாதிரி, கடிக்கும் இடத்தைச் சொல்பவர்களும் அளவெடுப்பவர்களும் ஒரே தெருவில் இருந்தால் வேறு கதை. ஜனநாயகத்தின் வீடு அக்கம்பக்கம் என்று அவர் சொன்னதும் இதனால்தான். இன்னொன்று: ‘ஜனநாயகத்தின் நோய்க்கு மருந்து மேலும் ஜனநாயகம்’ என்ற வரியை டூயி பேரில் போட்டு இணையத்தில் சுற்றவிடுகிறார்கள். அது அவருக்கு முன்பே இருந்த பழமொழி. அதே மாதிரி இன்னும் நாலு தேர்தல், நாலு கமிட்டி என்று யந்திரத்தைக் கூட்டுவதுதான் பொருள் என்றால் அது பொருந்தாது என்றே அவர் எழுதினார். ஜனநாயகம் என்ற எண்ணத்துக்கே திரும்பிப் போய் அதை ஆழமாகப் புரிந்துகொள்வது என்று எடுத்துக்கொண்டால் மட்டும் சரி என்றார்.

சரி, இனி உங்கள் குற்றச்சாட்டு நிஜமாகவே குத்தும் இடத்துக்கு வருகிறேன். 1917ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது டூயி ஆதரித்தார். போர் நல்லது என்று சொல்லவில்லை. உலகம் இளகியிருக்கும் இந்த நேரத்தில் போரை அறிவோடு செலுத்தினால் ஜனநாயகமான ஒரு சர்வதேச ஒழுங்கை வார்த்தெடுக்கலாம் என்று நம்பினார். அவருடைய பழைய மாணவர் ராண்டால்ஃப் போர்ன் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். தடுக்க முடியாத அளவுக்குப் போர் பலமானது என்றால், உங்கள் நல்ல நோக்கங்களுக்கு வளைகிற அளவுக்கு அது எப்படிப் பலவீனமாகும் என்று கேட்டார். நல்ல கேள்வி. நூறு வருடம் ஆகியும் டூயி பக்கத்திலிருந்து இதற்கு நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. நடந்ததும் போர்ன் சொன்னபடிதான்: போர் எதிர்ப்பாளர்களைத் தண்டிக்கப் பயன்பட்ட உளவுச் சட்டம் வந்தது, போர் எதிர்ப்புக்காகக் கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே, டூயி வேலை பார்த்த இடத்திலேயே, கட்டெல், டேனா என்ற இரண்டு பேராசிரியர்கள் நீக்கப்பட்டார்கள். அதை எதிர்த்து வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்ட் ராஜினாமா செய்தார். டூயி செய்யவில்லை. புல்மன் காலத்து அதே டெப்ஸுக்கு ஒரு போர் எதிர்ப்புப் பேச்சுக்காகப் பத்து வருட சிறைத்தண்டனை. சிறையில் இருந்தபடியே 1920 தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார் அவர். போர்ன் 1918 டிசம்பரில் விஷக் காய்ச்சலில் இறந்தார், வயது 32. போர் முடிந்து ஜெர்மனியோடு போட்ட வேர்சாய் ஒப்பந்தத்தைப் பார்த்த டூயி, போரையே சட்டவிரோதமாக்கும் இயக்கத்துக்குப் போனார். அது நேர் எதிர் எல்லைக்கு ஓடியது என்பது என் அபிப்பிராயம். பிராக்மடிசமே தோற்றது என்பதா, டூயி தன் முறையைத் தானே கைவிட்டதால் தோற்றார் என்பதா, இதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. நான் இரண்டாவது பக்கம். போரின் சுமையைத் தூக்கப்போகிறவர்களின் வாயை அடைத்துவிட்டு விளைவுகளைச் சோதிக்க முடியாது என்பது அவருடைய பாடம்தானே.

பிறகு அவர் எங்கே போனார் என்பதைச் சுருக்கமாகச் சொன்னால், இடப்பக்கம். 1932, 1936 தேர்தல்களில் சோஷலிஸ்ட் வேட்பாளர் நார்மன் தாமஸை ஆதரித்தார், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ‘புதிய ஒப்பந்தம்’ (New Deal) என்ற பொருளாதார மீட்புத் திட்டத்தை ஒட்டுப்போடும் வேலை என்று நினைத்தார். 1935ல் வந்த ‘லிபரலிசமும் சமூகச் செயலும்’ புத்தகத்தில், ஒரு காலத்தில் ராஜாக்களுக்கு எதிரான ஆயுதமாக இருந்த லிபரலிசம் இப்போது முதலாளிகளின் கேடயமாகிவிட்டது, தனிமனித சுதந்திரம் வேண்டுமென்றால் பொருளாதாரம் சமூகத்தின் கட்டுப்பாட்டுக்கு வர வேண்டும் என்று எழுதினார். அதற்கு முந்தைய வருடமே, தான் ஏன் கம்யூனிஸ்ட் இல்லை என்றும் விளக்கியிருந்தார்.

அப்புறம் 1937. மாஸ்கோ விசாரணைகளில் ஸ்டாலின் அரசு, ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவராக இருந்து நாடு கடத்தப்பட்டு மெக்சிகோவில் தங்கியிருந்த டிராட்ஸ்கியைத் துரோகி என்று குற்றம் சாட்டியது. அதை விசாரிக்க அமைந்த குழுவுக்குத் தலைமை தாங்க, 77 வயதில் டூயி மெக்சிகோ போனார். கொயோகானில் ஓவியர் ஃப்ரீதா காலோவின் வீட்டில் ஏப்ரலில் ஒரு வாரம் விசாரணை நடந்தது. டிராட்ஸ்கியின் அரசியலில் டூயிக்கு உடன்பாடே கிடையாது. போக வேண்டாம் என்று தடுத்தவர்களும் உண்டு, இடதுசாரி நண்பர்கள் பலர் திட்டினார்கள். குழுவின் தீர்ப்பு: குற்றமற்றவர். ஜெயித்தவன் பக்கம் சாய்பவர் செய்கிற காரியமா இது? அடுத்த வருடம் டிராட்ஸ்கியோடேயே மோதினார். நோக்கம் வழிமுறையை நியாயப்படுத்துமா என்பது விஷயம். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், ஒரு அர்த்தத்தில் ஆமாம் என்றார் டூயி. வழிமுறையை அதன் விளைவைக் கொண்டல்லாமல் வேறு எதைக் கொண்டு மதிப்பிடுவது? ஆனால் நாம் மனதில் வைத்திருக்கும் நோக்கம் வேறு, அந்த வழியில் போனால் உண்மையில் வந்துசேரும் முடிவு வேறு. டிராட்ஸ்கி ஒவ்வொரு வழியும் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்காமல், வர்க்கப் போராட்டம்தான் வரலாற்றின் விதி, ஆகவே அதுவே வழி என்று விதியிலிருந்து வழியைக் கறந்துவிட்டார் என்பது டூயியின் விமர்சனம். ‘எது வேலை செய்கிறதோ’ என்ற உங்கள் வாக்கியத்துக்கு அவர் கொடுத்த மிகத் தெளிவான விளக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் இரண்டு ஓட்டைகள் அடைபடவில்லை. அதிகாரத்தில் இருப்பவன் அறிவுபூர்வமான பேச்சுக்கு இறங்கி வருவான் என்ற டூயியின் நம்பிக்கையை இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபூர் 1932லேயே கேலி செய்தார். சலுகை பெற்ற கூட்டங்கள் வாதத்தால் இணங்குவதில்லை, அழுத்தம் வேண்டும் என்றார். புல்மனை நினைத்தால் நீபூர் சொல்வது சரிதான். அடுத்தது நிறவெறி. கறுப்பர் உரிமைக்கான தேசியச் சங்கம் உருவாகக் காரணமான 1909 அறைகூவலில் கையெழுத்திட்டவர் டூயி. ஆனால் ‘பொது’ பற்றிய அந்த 1927 புத்தகத்தில், அமெரிக்காவின் மிகப் பெரிய பிளவு ஏறக்குறைய தலைகாட்டவே இல்லை. அதே நியூயார்க்கில் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸ் எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த இடத்தில்தான் அம்பேத்கர் வருகிறார். 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் படித்தபோது டூயியின் வகுப்புகளில் உட்கார்ந்தவர். 1936ல் வெளியான ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில், ஜனநாயகம் வெறும் ஆட்சி வடிவம் அல்ல, அது முதன்மையாகக் கூடிவாழும் முறை, அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை என்ற வரி வருகிறது. 1916ல் வந்த டூயியின் ‘ஜனநாயகமும் கல்வியும்’ நூலின் வரி அது, கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல். ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுபவம் ஊடுருவிப் பரவ வேண்டும் என்று டூயி சொன்னதை எடுத்து, அந்த ஊடுருவலையே தடுப்பதற்காகக் கட்டிய சுவர்தான் சாதி என்று காட்டினார். டூயி பேரைச் சொல்லியே மேற்கோள் காட்டி, நான் மிகவும் கடன்பட்ட என் ஆசிரியர் என்றும் எழுதினார். இவ்வளவும் உறுதி. அம்பேத்கரின் சிந்தனையில் டூயிக்கு எவ்வளவு பங்கு என்பது உறுதியில்லை. சில ஆய்வாளர்கள் பெரும் பங்கு என்கிறார்கள். ஆனால் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவத்தை என் ஆசான் புத்தரிடமிருந்து பெற்றேன் என்று 1954 வானொலி உரையில் அம்பேத்கரே சொல்லியிருக்கிறார். சாஸ்திரங்களின் அதிகாரத்தையே தகர்க்க வேண்டும் என்ற அவருடைய தீவிரமும் டூயியின் நிதானத்திலிருந்து வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கேள்விக்கு நேரான பதிலும் அதே உரையில் இருக்கிறது, டூயி பேர் இல்லாமல். இந்து சமூகம் இவ்வளவு நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்ததே அதன் உயிர்ப்புக்குச் சாட்சி என்று ராதாகிருஷ்ணன் எழுதியிருந்தார். அதாவது, வேலை செய்கிறதே! அம்பேத்கர் அதை எடுத்துக்கொண்டு, பிழைத்திருப்பது வேறு, பிழைத்திருக்கத் தகுதி பெற்றிருப்பது வேறு என்றார். ஒரு சமூகம் வாழ்கிறதா சாகிறதா என்பது கேள்வி இல்லை, எந்தத் தளத்தில் வாழ்கிறது என்பதுதான் கேள்வி. இதைப் படித்த பிறகு, விளைவைக் கொண்டு சோதிப்பவன் வென்றவன் பக்கம்தான் நிற்பான் என்று உங்களுக்கு இன்னும் தோன்றுகிறதா? 1952 ஜூனில் கொலம்பியா கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க அழைத்து அம்பேத்கர் நியூயார்க் வந்தபோது, டூயி இறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சந்திக்க முடியவில்லை.

டூயியை நேரடியாகப் படிக்க ஆசை இருந்தால் 1939ல் அவருடைய 80வது பிறந்தநாளுக்கு எழுதிய சிறிய உரையில் தொடங்குங்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு 1927 புத்தகத்தின் முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும். நடை கரடுமுரடானது. அவரை மிகவும் மதித்த அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸே, சொல்ல வேண்டும் என்ற ஆவல் இருந்தும் வாய் வராத கடவுள் பேசினால் இப்படித்தான் இருக்கும் என்று கிண்டலடித்தார். எங்காவது மாட்டிக்கொண்டால் அந்தப் பத்தியைக் குறித்துக் கேளுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.